வாசகர் கேள்விகள்: பிளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்

போன இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, அமெரிக்க பேஸ்பாலில் கல்லூரியிலிருந்து மேலே போவதற்கு ரொம்பவும் சிரமமான இடம் கேட்சர், அதாவது மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவரின் இடம்தான் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் இந்த முறை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் இருக்கிறோம். 14 வயது மகன் பள்ளி அணியில் ஷார்ட்ஸ்டாப். நன்றாகத்தான் ஆடுகிறான். இப்போது கோச் அவனைக் கேட்சராக மாற்றப் பார்க்கிறார். நல்ல இடத்திலிருந்து இறக்கிவிடுகிறார்களோ என்று என் மனைவிக்கு வருத்தம், எனக்கு அவன் முழங்காலை நினைத்தால் பயம். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள், இது இறக்கம் இல்லை. ஷார்ட்ஸ்டாப் என்பது, ஓடுபவர்கள் எட்ட வேண்டிய இடங்களான பேஸ்களில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நிற்கும் இடம், அணியிலேயே கையும் காலும் வேகமான பையனைத்தான் அங்கே நிறுத்துவார்கள். அதே வேகமான கை, அதே பலமான தோள், அதோடு பதறாத மனசும் இருந்தால்தான் ஒரு கோச் அவனைக் கேட்சராக யோசிப்பார்.

பஸ்டர் போசியின் கதையைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். ஜார்ஜியா மாநிலத்தின் லீஸ்பர்க் பக்கத்துப் பையன். 2006இல் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவராகச் சேர்ந்தபோது ஷார்ட்ஸ்டாப்தான், அதுவும் நாடு முழுக்கப் பேர் வாங்கிய ஷார்ட்ஸ்டாப். அடுத்த ஆண்டே பயிற்சியாளர்கள் அவரைக் கேட்சராக ஆடச் சொன்னார்கள். பள்ளியில் பந்து வீசியும் ஷார்ட்ஸ்டாப் ஆடியும் வளர்ந்தவர், முகமூடியும் மார்புக்கவசமும் போட்டுக் குத்தவைத்து உட்காருவதை ஏறக்குறைய முதலிலிருந்து கற்றுக்கொண்டார். அதற்கடுத்த ஆண்டு, 2008இல், அவருடைய பேட்டிங் சராசரி .463, அதாவது நூறு முறை மட்டை பிடித்தால் ஏறக்குறைய 46 முறை வெற்றிகரமான அடி. சிக்ஸர் போல வேலிக்கு வெளியே போகும் ஹோம் ரன் 26. கல்லூரி பேஸ்பாலின் மிகப் பெரிய விருதான கோல்டன் ஸ்பைக்ஸும், கல்லூரியின் சிறந்த கேட்சருக்கான ஜானி பெஞ்ச் விருதும் அவருக்கே கிடைத்தன. அந்த மே மாதம் சவானா ஸ்டேட் அணிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் ஒன்பது இடங்களிலும் ஆடிக் காட்டினார், பந்தும் வீசினார். கேட்சராகிக் கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

முழங்கால் பற்றிய உங்கள் பயம் நியாயமானதுதான், அதை நான் தள்ளிவிட மாட்டேன். ஒரு விஷயம் மாறியிருக்கிறது: முன்பு இரண்டு காலையும் மடக்கிக் குந்தியேதான் உட்காருவார்கள், இப்போது பெரும்பாலானவர்கள் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி உட்காருகிறார்கள். தாழ்வாக வரும் பந்தை எடுக்க வசதி என்றுதான் அந்த மாற்றம் வந்தது, இடுப்புக்கும் காலுக்கும் கொஞ்சம் ஆறுதலும் கிடைக்கிறது. ஆனால் 14 வயதில் தினமும் கேட்சர் வேண்டாம். வாரத்தில் சில ஆட்டம் கேட்சர், மற்றவற்றில் பழைய இடம் என்று கோச்சிடம் பேசிப் பாருங்கள். இன்னொன்று கட்டாயம்: அவன் பந்து வீசுகிறவனாகவும் இருந்தால், ஒரே ஆட்டத்தில் வீசிவிட்டு அப்புறம் கேட்சராகவும் உட்கார விடாதீர்கள். கேட்சரும் ஆட்டம் முழுக்க எறிந்துகொண்டேதான் இருக்கிறார், பிள்ளைகளின் தோளும் முழங்கையும் அந்த இரண்டையும் ஒரே நாளில் தாங்காது.

கேள்வி: கேட்சர் என்றால் நம் கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர்தானே? இதில் என்ன பெரிய வித்தியாசம்?

பதில்: பார்வைக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் விக்கெட் கீப்பர் பந்து வந்த பிறகு வேலை செய்பவர், கேட்சர் பந்து வருவதற்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுகிறார். அடுத்த பந்து வேகமா, வளைவா, எந்த மூலைக்கு என்று, பந்து வீசும் பிட்சருக்குச் சைகை காட்டுவது அவர்தான். ஒரு ஆட்டத்தில் இப்படி நூற்றைம்பது பந்துக்குப் பக்கத்தில் வரும். களத்தில் இருக்கும் ஒன்பது பேரில் எட்டுப் பேர் ஒரு பக்கம் பார்த்து நிற்க, அவர் ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், அதனாலேயே மொத்தக் களமும் அவர் கண் முன்னால் இருக்கிறது. யார் எங்கே தள்ளி நிற்க வேண்டும் என்று கைகாட்டுவதும் பெரும்பாலும் அவர்தான்.

எறிதலையும் சொல்ல வேண்டும். முதல் பேஸில் நிற்கும் எதிரணி ஆட்டக்காரர், பிட்சர் பந்தை விடும்போது இரண்டாவது பேஸுக்கு ஓட்டம் பிடிக்கிறார் என்று வையுங்கள். பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாவது பேஸ் 127 அடிக்குக் கொஞ்சம் அதிகம், சுமார் 38.8 மீட்டர். பந்து கிளவ்வில் விழுந்த சத்தத்திலிருந்து, எறிந்த பந்து அங்கே நிற்பவரின் கையில் சேரும் வரை உள்ள நேரத்தை 'பாப் டைம்' என்பார்கள், அந்தச் சத்தத்தை வைத்தே வந்த பேர். தொழில்முறை பேஸ்பாலின் உச்சப் படியான மேஜர் லீக்கில் சாதாரணமாக இது 2 விநாடி, 1.9 என்றால் அபாரம். அந்த இரண்டு விநாடிக்குள் கிளவ்விலிருந்து வலது கைக்குப் பந்து மாற வேண்டும், விரல்கள் பார்க்காமலேயே பந்தின் தையலைத் தேடிப் பிடிக்க வேண்டும், கால்கள் திரும்ப வேண்டும், கை பின்னால் போய் வர வேண்டும். இத்தனைக்கும் முன்னால் ஒருவர் மட்டையோடு நின்றுகொண்டிருப்பார். தோள் பலம் மட்டும் போதாது, நல்ல கேட்சருக்கும் சுமாரானவருக்கும் வித்தியாசம் அந்தக் கைமாற்றத்திலும் இருக்கிறது. ஷார்ட்ஸ்டாப் பையன்கள் ஏன் இங்கே நன்றாக வருகிறார்கள் என்று இப்போது புரிந்திருக்கும், பந்தைக் கையில் தேக்காமல் விடுவது அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம்.

கேள்வி: கல்லூரி ஆட்டக்காரர் தொழில்முறைக்குப் போவது எப்படி? விண்ணப்பம் போடுவார்களா? தேர்வு இருக்கிறதா?

பதில்: இல்லை. 'டிராஃப்ட்' என்று ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும், இப்போது ஜூலையில். மேஜர் லீகின் 30 அணிகளும் வரிசை போட்டு ஆளுக்கொரு ஆட்டக்காரரின் பெயரைச் சொல்லும், அப்படி 20 சுற்று. முன்பெல்லாம் 40, 50 சுற்று, அதற்கு மேலேகூட இருந்தது. அணிதான் உங்களைத் தேர்ந்தெடுக்கும், நீங்கள் அணியைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களிடம் இருக்கிறது.

பள்ளி முடித்தவுடன் ஒரு வாய்ப்பு. அதை விட்டுவிட்டு நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்தால், மூன்றாம் ஆண்டு முடியும் வரை அல்லது 21 வயதாகும் வரை பொறுத்திருக்க வேண்டும். போசியை 2005இல் பள்ளி முடித்தபோதே ஏஞ்சல்ஸ் அணி எடுத்தது, ஆனால் 50ஆவது சுற்றில். அவர் கையெழுத்துப் போடாமல் கல்லூரிக்குப் போனார். மூன்று வருஷம் கழித்து சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அவரை நாட்டிலேயே ஐந்தாவது ஆளாக எடுத்தது, கையெழுத்துக்கு மட்டும் 62 லட்சம் டாலர் போனஸ். இன்னொரு கேட்சரான அட்லி ரட்ச்மனும் இதே வழிதான்: 2016இல் பள்ளி முடித்தபோது சியாட்டில் மாரினர்ஸ் 40ஆவது சுற்றில் எடுத்தது, போகவில்லை. ஓரிகன் ஸ்டேட்டில் சேர்ந்தார், கல்லூரி அணிகளின் இறுதிக்கட்டப் போட்டியான கல்லூரி உலகத் தொடரில் 2018இல் சிறந்த ஆட்டக்காரர் ஆனார், 2019இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அவரை மொத்த டிராஃப்டிலும் முதல் ஆளாக எடுத்து 81 லட்சம் டாலர் கொடுத்தது.

கேட்சருக்கு இந்தக் கல்லூரி வழி நல்லது என்பது என் திடமான எண்ணம். 18 வயதில் உடம்பு முழுசாக உருவாகியிருக்காது, இந்த வேலைக்கோ உடம்பும் வேண்டும், வயசில் மூத்த பிட்சர்களிடம் பேசிச் சமாளிக்கும் பக்குவமும் வேண்டும்.

கேள்வி: கல்லூரியில் உலோக மட்டை, தொழில்முறையில் மர மட்டை என்கிறார்களே, அவ்வளவு வித்தியாசமா?

பதில்: வித்தியாசம்தான், ஆனால் பழகிவிடும். மர மட்டையில் நன்றாக அடிபடும் பகுதி சின்னது, கைப்பிடிக்குப் பக்கத்தில் பட்டால் உடைந்தே போகும். மாணவர்கள் கோடை விடுமுறையில் மாசசூசெட்ஸின் கேப் காட் லீகில் மர மட்டையோடு ஆடிப் பார்ப்பார்கள், போசியும் அங்கே ஆடியவர்தான். அணிகளின் ஆள் தேடுபவர்கள் அந்தக் கோடை ஆட்டங்களுக்கு வந்து உட்காருவதே இதைப் பார்க்கத்தான்.

கேள்வி: கல்லூரியில் அத்தனை விருது வாங்கியவருக்கு அப்புறம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? நேராக மேஜர் லீகிலேயே ஆட வைத்தால் என்ன?

பதில்: வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்பு அமெரிக்காவில் ஒரு கல்லூரி ஆட்டத்தை ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால், வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். கேட்சர் பையனின் வலது கை நகங்களில் பளிச்சென்று வெள்ளைச் சாயம். சாயங்கால வெளிச்சத்தில் அவன் தொடைக்கு நடுவே காட்டும் விரல்களைப் பிட்சர் தப்பாகப் படித்துவிடக் கூடாது என்பதற்காகப் பூசியது. ஆனால் நான் கவனித்தது வேறு. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் அவன் தலை இடது பக்கம் திரும்பியது. அணி உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து கோச் விரல்களால் எண் காட்டுவார், பையன் தன் மணிக்கட்டில் கட்டியிருந்த அட்டையில் அந்த எண்ணைத் தேடுவான், அதில் எழுதியிருக்கும் பந்தைப் பிட்சருக்குக் காட்டுவான். ஒரு பந்துகூட அவனாகக் கேட்டதில்லை. எட்டாவது இன்னிங்ஸில் பிட்சர் தடுமாறி, வரிசையாக இரண்டு பேரை இலவசமாக பேஸுக்கு அனுப்பிவிட்டபோது மட்டும் அவன் எழுந்து, முகமூடியைத் தலைக்கு மேலே தள்ளிக்கொண்டு, மெதுவாகப் பிட்சர் நிற்கும் மேட்டுக்கு நடந்துபோய் என்னவோ சொன்னான். பிட்சர் சிரித்தான். அந்த இன்னிங்ஸ் அதோடு அடங்கியது. மொத்த ஆட்டத்திலும் அவனே முடிவெடுத்துச் செய்த காரியம் அந்த நடை ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது.

கல்லூரி பேஸ்பாலில் பெரும்பாலான அணிகளில் இதுதான் வழக்கம். இப்போது அட்டைக்குப் பதில் மின்னணுக் கருவி வந்திருக்கிறது, ஆனாலும் முடிவு கோச்சுடையது. கோச்சுகளைக் குறை சொல்லவும் முடியாது, ஒவ்வொரு தோல்வியும் அவர்கள் வேலைக்கே ஆபத்து. தொழில்முறைக்கு வந்தால் நிலைமை தலைகீழ். எதிரணியைப் பற்றிய கட்டுக்கட்டான தகவல்களை ஆட்டத்துக்கு முன்பே கொடுத்துவிடுவார்கள், ஆனால் ஆட்டம் தொடங்கியதும் பெரும்பாலும் கேட்சரும் பிட்சரும்தான். 2022 முதல் மேஜர் லீகில் 'பிட்ச்காம்' என்று ஒரு கருவி அனுமதிக்கப்பட்டிருக்கிறது, கேட்சர் பொத்தானை அழுத்தினால் பிட்சரின் தொப்பிக்குள் இருக்கும் சின்ன ஒலிபெருக்கி பந்தின் பெயரைச் சொல்லும். விரல் போய்ப் பொத்தான் வந்தது, யோசிக்க வேண்டியது கேட்சர்தான். அதையும் பந்துக்கும் பந்துக்கும் நடுவே சில விநாடிக்குள் யோசித்தாக வேண்டும், 2023இலிருந்து பிட்சருக்குக் கடிகாரமும் வைத்துவிட்டார்கள்.

மட்டையடி திறமை கல்லூரியிலிருந்து கூடவே வரும். இந்த முடிவெடுக்கும் திறமை வராது, அதை அங்கே யாரும் அவர்களிடம் கேட்டதே இல்லை. அதனால்தான் மேஜர் லீகுக்குக் கீழ்ப்படியான மைனர் லீக். போசி 2009 முழுக்க கீழேதான் ஆடினார், முதலில் சான் ஹொசேயில், அப்புறம் நேராக மேல்படியான ஃப்ரெஸ்னோவில். செப்டம்பர் 11ஆம் தேதி மேஜர் லீகில் முதல் ஆட்டம், ஆனால் அந்த வருஷம் எண்ணி ஏழே ஆட்டம்தான். 2010 தொடங்கியபோது மறுபடி ஃப்ரெஸ்னோ. மே கடைசியில் மேலே கூப்பிட்டார்கள், கூப்பிட்டும் முதல் ஒரு மாதம் பெரும்பாலும் முதல் பேஸில்தான் நின்றார், காரணம் கேட்சர் இடத்தில் பெங்கி மொலினா என்ற அனுபவசாலி இருந்தார், பிட்சர்கள் அவரை நம்பினார்கள். ஜூலை தொடக்கத்தில்தான் ஜயன்ட்ஸ் மொலினாவை டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்கு அனுப்பிவிட்டு, 23 வயதுப் போசியிடம் அணியை ஒப்படைத்தது.

அப்போது அவர் கையில் வந்த பிட்சர்கள் யார் என்று பாருங்கள். 2008, 2009 இரண்டு வருஷமும் மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான தேசிய லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய டிம் லின்ஸ்கம், மேட் கெய்ன், அப்புறம் 20 வயதே ஆன மேடிசன் பம்கார்னர். நான்கு மாதத்தில், இரண்டு பிரிவுகளின் சாம்பியன்களும் மோதும் இறுதிப் போட்டியான உலகத் தொடர். எதிரே யார்? அதே டெக்சஸ், அதே மொலினா. நான்காவது ஆட்டத்தில் பம்கார்னர் எட்டு இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை, கேட்சர் போசி, ஒரு ஹோம் ரன்னும் அவருடையது. புது ஆட்டக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து உலகத் தொடரில் எட்டு இன்னிங்ஸ் ஒரு தப்பும் செய்யாமல் திட்டம் போட்டு வீசுகிறார்கள் என்றால், கீழே கழித்த அந்த மாதங்கள் வீணாகவில்லை. ஜயன்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபோன பிறகு வாங்கிய முதல் பட்டம் அது. அந்த ஆண்டின் சிறந்த புதுமுக விருதும் போசிக்கு.

முதல் ஆளாக எடுக்கப்பட்ட ரட்ச்மனுக்கும் 2019 ஜூனிலிருந்து 2022 மே 21 வரை ஆயிற்று. நடுவில் 2020இல் கொரோனாவால் மைனர் லீக் ஆட்டங்கள் மொத்தமும் ரத்தானது ஒரு காரணம். முதல் ஆட்டத்தன்று பால்டிமோர் மைதானத்தில் பிளேட்டுக்குப் பக்கத்தில் நின்று சுற்றிலும் ஒரு முறை பார்த்துக்கொண்டார், அவருடைய முதல் ஹிட் மூன்று பேஸ் ஓடிய டிரிபிள். கேட்சர்கள் மூன்று பேஸ் ஓடுவது அபூர்வம், அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கேள்வி: மைனர் லீகில் சம்பளம் எப்படி? போனஸ் பெரிசாக வாங்காதவர்கள் எப்படி வாழ்கிறார்கள்?

பதில்: ரொம்ப நாள் மோசமாக இருந்தது, இதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஆட்டம் நடக்கும் மாதங்களுக்கு மட்டும்தான் வாரச் சம்பளம், அதுவும் சொற்பம். வாடகை கட்ட முடியாமல் ஒரே வீட்டில் ஐந்தாறு பேர் தரையில் காற்றுமெத்தை போட்டுப் படுத்திருக்கிறார்கள், குளிர்காலத்தில் கிடைத்த வேலைக்குப் போயிருக்கிறார்கள். 2022 முதல் பெரும்பாலானவர்களுக்குத் தங்குமிடத்தை அணிகளே தர வேண்டும் என்று வந்தது. மைனர் லீக் ஆட்டக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்து 2023இல் முதல் ஒப்பந்தம் போட்டார்கள், அதில் மேல்படியான டிரிபிள்-ஏவுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 35,800 டாலர், அதற்குக் கீழே டபுள்-ஏவுக்கு 30,250 டாலர். முந்தையதோடு பார்த்தால் பெரிய மாற்றம்தான். மேஜர் லீகில் குறைந்தபட்ச சம்பளம் 2026இல் 7,80,000 டாலர். ஒரே ஒரு படி, இடையில் இவ்வளவு தூரம். பெரிய போனஸ் வாங்கியவர்களைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள், பத்தாவது சுற்றுக்கு அப்புறம் வந்த கேட்சர் ஒருவர் அந்தப் படிக்குக் கீழே ஐந்து வருஷம் நிற்கிறார் என்றால் அவர் மேல் எனக்கு இன்னும் மரியாதை அதிகம்.

கேள்வி: கடைசிச் சுற்றுகளில் எடுக்கப்பட்டவர் யாராவது பெரிய கேட்சர் ஆகியிருக்கிறாரா?

பதில்: ஆகியிருக்கிறார். மைக் பியாஸா, 1988 டிராஃப்டில் 62ஆவது சுற்று, 1,390ஆவது ஆள். மயாமி-டேட் சமுதாயக் கல்லூரியில் முதல் பேஸ் ஆடிக்கொண்டிருந்தவர். டாட்ஜர்ஸ் மேனேஜர் டாமி லசோர்டா அவருடைய அப்பாவின் நண்பர், அந்த நட்புக்காக எடுக்கச் சொன்னார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. கேட்சராக மாறினால்தான் வாய்ப்பு என்று ஆனதும், டொமினிகன் குடியரசில் டாட்ஜர்ஸ் நடத்திய பயிற்சி முகாமுக்குப் போய் அந்த வேலையைக் கற்றுக்கொண்டார். 1993இல் சிறந்த புதுமுகம், 2016இல் புகழரங்கம். கேட்சராக ஆடும்போது மட்டும் 396 ஹோம் ரன். இப்போது 20 சுற்றோடு டிராஃப்ட் முடிந்துவிடுகிறது, 62ஆவது சுற்று என்ற ஒன்றே கிடையாது. இன்னொரு பியாஸாவை யார் எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

அவ்வளவு கடைசி இல்லை என்றாலும் கேல் ராலியையும் சொல்லலாம். இவரும் ஃப்ளோரிடா ஸ்டேட்தான், 2018இல் மூன்றாவது சுற்றில் மாரினர்ஸ் எடுத்தது. மூன்று வருஷம் மைனர் லீக். 2025இல் 60 ஹோம் ரன் அடித்தார், எந்தக் கேட்சரும் ஒரு பருவத்தில் இதற்கு முன் அடித்தது அதிகபட்சம் 48. அதற்கு முந்தைய ஆண்டுதான் இன்னொரு பிரிவான அமெரிக்க லீகிலேயே சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான பிளாட்டினம் கிளவ் வாங்கியிருந்தார், அதை யாரும் இப்போது பேசுவதில்லை.

கேள்வி: கேட்சர் மேல் ஓடிவந்து மோதுவதை இப்போது தடை செய்துவிட்டார்களாமே, அது போசியால்தானா?

பதில்: அவர் ஒருவரால் மட்டும் என்று சொல்ல முடியாது, ஆனால் அந்த விதியை எல்லோரும் அவர் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். 2011 மே 25, சான் பிரான்சிஸ்கோவில் ஃப்ளோரிடா மார்லின்ஸோடு ஆட்டம், பன்னிரண்டாவது இன்னிங்ஸ். பந்து உயர எழும்பி வலப்பக்கம் போய்ப் பிடிபட்டது, மூன்றாவது பேஸிலிருந்து ஸ்காட் கசின்ஸ் ஹோம் பிளேட்டுக்கு ஓடி வந்தார். எறிந்த பந்து வந்து சேர்ந்தது, ஆனால் போசியின் கையில் நிற்கவில்லை. மண்டியிட்ட நிலையில் திரும்பிக்கொண்டிருந்தவர் மேல் கசின்ஸ் தோளைக் கொடுத்து மோதினார். போசியின் இடது கால் உடம்புக்கு அடியில் மடங்கியது. கீழ்க்கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் தசைநார்கள் கிழிந்தன, அந்த வருஷம் அதோடு முடிந்தது. கசின்ஸ் அன்றைய விதிப்படி தப்பேதும் செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும், அப்போது அது அனுமதிக்கப்பட்ட ஆட்டம்தான். விதிதான் தப்பு. 2014இல் மாற்றினார்கள்: ஓடி வருபவர் பாதையை விட்டு விலகிக் கேட்சரைத் தேடி மோதக் கூடாது, கையில் பந்து இல்லாத கேட்சர் பாதையை மறிக்கவும் கூடாது.

திரும்பி வந்த 2012இல் போசிக்கு .336 சராசரியோடு பேட்டிங்கில் தேசிய லீகிலேயே முதலிடம், அந்த லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது, இரண்டாவது உலகப் பட்டம். அதே ஆண்டு ஜூனில் மேட் கெய்ன் 27 பேரையும் ஒருவர்கூட பேஸை எட்டாமல் வெளியேற்றினார், அந்த 125 பந்துக்கும் கேட்சர் போசி. மூன்றாவது பட்டம் 2014. 2021இல் .304 அடித்து, அணி 107 ஆட்டம் வென்ற பருவம் முடிந்த கையோடு 34 வயதில் ஓய்வு அறிவித்தார். உடம்பு வலியும் குடும்பமும்தான் காரணமாகச் சொன்னார். நன்றாக ஆடும்போதே ஏன் போனார் என்று பலர் கேட்டார்கள். பன்னிரண்டு வருஷம் குத்தவைத்து உட்கார்ந்தவரிடம் அதைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. 2024 இலையுதிர் காலத்தில் அதே ஜயன்ட்ஸ் அணியின் பேஸ்பால் பிரிவுத் தலைவராகத் திரும்பி வந்தார்.

கேள்வி: படித்தவர்களுக்கு இந்த விளையாட்டில் இடம் உண்டா?

பதில்: மோ பெர்க் என்று ஒருவர் இருந்தார். பிரின்ஸ்டனில் 1923இல் பட்டம், கொலம்பியாவில் சட்டம், பல மொழி தெரியும். அவரும் கல்லூரியில் ஷார்ட்ஸ்டாப், 1927இல் சிகாகோ வைட் சாக்ஸில் கேட்சர்கள் காயப்பட்டதால் கேட்சரானவர். பதினைந்து பருவம் ஆடினார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க உளவுத்துறை 1944 டிசம்பரில் அவரை சூரிக்கில் ஜெர்மன் இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் சொற்பொழிவுக்கு அனுப்பியது, ஜெர்மனி அணுகுண்டை நெருங்கிவிட்டது என்று தோன்றினால் சுட்டுவிடச் சொல்லி. அவர் சுடவில்லை. அடுத்தவர் மனசில் என்ன ஓடுகிறது என்று கணிக்க ஒரு கேட்சரை அனுப்பியது எனக்குச் சரியான தேர்வாகவே படுகிறது.

கேள்வி: இனி ஸ்ட்ரைக்கா இல்லையா என்று கேமராவே சொல்லிவிடுமாம். அப்படியானால் கேட்சரின் நுணுக்கத்துக்கு வேலை இருக்காது அல்லவா?

பதில்: ஓரமாக வரும் பந்தைப் பிடிக்கும்போதே மெல்ல உள்ளே இழுத்து அம்பயரின் கண்ணுக்கு ஸ்ட்ரைக்காக, அதாவது பேட்டருக்கு உரிய எல்லைக்குள் வந்த பந்தாகத் தெரிய வைப்பதை 'ஃப்ரேமிங்' என்பார்கள், நீங்கள் கேட்பது அதைத்தான் என்று நினைக்கிறேன். 2026 பருவத்திலிருந்து மேஜர் லீகில் வந்திருப்பது முழுக்கக் கேமரா இல்லை. அம்பயர்தான் சொல்வார், அவர் சொன்னது தப்பு என்று தோன்றினால் ஆட்சேபிக்கலாம், அப்போதுதான் கேமரா பார்க்கும். ஓர் அணிக்கு ஆட்சேபம் இரண்டு, சரியாக இருந்தால் அது கழியாது, தப்பென்றால் ஒன்று போயிற்று. ஆகவே ஃப்ரேமிங்கின் மதிப்பு கொஞ்சம் குறையும், போகாது.

ஆனால் யார் ஆட்சேபிக்கலாம் என்று பாருங்கள். பேட்டர், பிட்சர், கேட்சர், இந்த மூவர் மட்டும். தொப்பியையோ ஹெல்மெட்டையோ உடனே தட்டிக் காட்ட வேண்டும், வெளியே உட்கார்ந்திருப்பவர்களின் உதவியைக் கேட்கக் கூடாது. மூவரில் பந்து பிளேட்டைக் கடந்த இடத்தைச் சரியாகப் பார்க்கக்கூடியவர் கேட்சர்தான். அந்த ஒரு விநாடியில் ஒவ்வொரு பந்துக்கும் இடது பக்கம் திரும்பிப் பழகிய கல்லூரிப் பையனின் தலை இனி திரும்ப முடியாது.